நரி முகத்தில் முழித்தவர்கள்

போன கிழமை எங்கள் பழைய புளொக் பிள்ளைகளின் வட்சப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. உங்களில் ஒருத்தியின் வீட்டுப் புல்தரை. பட்டப்பகலில் ஒரு நரி ஆறுதலாக நடந்து வந்து, பிள்ளைகளின் கினிப்பன்றிக் கூட்டை மணந்து பார்த்துவிட்டு, ட்ராம்போலினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. உடனே எல்லோரும் எழுதத் தொடங்கிவிட்டீர்கள். பொறி வை, வேட்டைக்காரருக்குப் போன் அடி, வந்து சுட்டுவிட்டுப் போவார். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "எங்கடை காலத்தில உதுகள் காட்டுக்குள்ளதான் இருந்ததுகள். இப்பத்தான் வீடுகளுக்குள்ள வந்து கூடிப்போச்சு."

எங்கள் காலத்தில் இல்லையாம்! உங்களுக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது, எனக்கும்தான். படி ஏறினால் முழங்கால் நோகிறது. கண்ணாடி போடாமல் உங்கள் வீடியோவில் நரி எது, பூச்சட்டி எது என்று தெரியவில்லை. ஆனால் ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் அப்பாமார் ஒரு நரியின் முகத்தைப் பார்ப்பதற்காக எங்கள் வீட்டுக் குசினி யன்னலில் முறை வைத்து நின்றவர்கள். நீங்கள் அதை வசதியாக மறந்துவிட்டு வேட்டைக்காரரின் நம்பர் கேட்கிறீர்கள். அதனால் இதை எழுதுகிறேன். நீளம் என்று முணுமுணுக்காமல் வாசியுங்கள்.

சுவிஸில், திரிம்பாக் என்ற ஊரில், மலைக்காடு தொடங்கும் இடத்தில் இருந்தது எங்கள் புளொக். நாலு மாடி, எல்லா மாடியிலும் தமிழ்ச் சனம், நாங்கள் கீழ்வீடு. குசினி யன்னலைத் திறந்தால் புல்வெளி, புல்வெளி முடிய ஒரு பற்றை வேலி, வேலியோரம் அப்வார்ட் மனுசியின் முயல் கூடுகள். அப்வார்ட் என்றால் கட்டடத்தைக் கூட்டித் துடைத்து, பல்ப் மாற்றி, ஒழுங்கு பார்க்கிற ஆள். எங்கள் அப்வார்ட் ஐம்பது வயதுச் சுவிஸ் மனுசி. உடுப்புத் தோய்க்கும் அறையின் திறப்பு எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அவருக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

வீட்டில் அப்பா, அம்மா, சித்தி, நான். அப்பாவுக்கு ஒல்டனில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. சித்தி அம்மாவின் தங்கை, இருபத்து மூன்று வயது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம். அவளுடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் தலைநகர் பேர்ணில் விசாரணை நடக்கவில்லை. அவள் இங்கே இருப்பதா, திருப்பி அனுப்பப்படுவதா என்பது அந்த ஒரு விசாரணையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் நானும் ஒரே மெத்தையில் படுப்போம்.

எங்கள் வீட்டில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, ஒழுங்காகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான், வயது பத்து. டொக்டரிடமும் நான், தபாலுக்கும் நான். அப்வார்ட் மனுசி வந்து, "உங்கள் எண்ணெய் மணம் மூன்றாம் மாடிவரை நாறுகிறது" என்றால், "இண்டைக்கு என்ன சமையல் எண்டு கேக்கிறா" என்று அம்மாவுக்குச் சொல்வேன். அம்மா சிரித்த முகத்தோடு, "இவவின்ரை கொழுப்பைப் பார்" என்பார். "அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்று நான் அங்கே சொல்வேன். நீங்களும் உங்கள் வீடுகளில் இதைத்தான் செய்தீர்கள். இப்படிப் பொய் சொல்லித்தான் அந்தப் புளொக்கில் நாங்கள் சமாதானமாக இருந்தோம்.

நரி வந்தது மாசி மாதக் கடைசியில். முந்திய காலத்தில் அந்தக் காடுகளில் நரிகள் விசர்நாய்க்கு வருகிற விசர்நோயால் செத்துக்கொண்டிருந்தனவாம். கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்து வைத்துக் காடு முழுக்க எறிந்தார்களாம், தின்ற நரிகள் பிழைத்துப் பெருகி, காடு போதாமல் வீடுகள் பக்கம் இறங்கிவிட்டன என்று பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொன்னார். நான் வீட்டில் வந்து சொன்னபோது அம்மா நம்பவில்லை. நரிக்கு ஊசி போடுகிற நாடும் இருக்குமோ என்று கேட்டார்.

ஒரு விடியற்காலை அப்பா வேலைக்குப் போக எழும்பி, குசினியில் தேத்தண்ணி போடப் போனவர், யன்னல் மறைப்பைத் தூக்கினார். புல்வெளியில் நரி நின்று அவரைப் பார்த்தது. அன்று மத்தியானமே தபாலில் எங்கள் மூவருக்கும் விசா வந்தது. நாலு வருடமாக இழுபட்ட விசயம். அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை.

"இஞ்சருங்கோ, நீங்கள் இண்டைக்கு நரி முகத்திலயெல்லே முழிச்சிருக்கிறியள்!" என்றார்.

யாருக்காவது நல்லது நடந்தால், நரி முகத்தில் முழித்தாயோ என்று கேட்பது எங்கள் சனத்தின் வழக்கம். வாய்ப்பேச்சு. இங்கே மெய்யாகவே நரி வந்து நின்றுவிட்டது. கதை அன்று பின்னேரமே நாலு மாடிக்கும் ஏறிவிட்டது. மூன்றாம் மாடி மாமா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"உது செந்நிறம். எங்கடை ஊர் நரி சாம்பல். உது கணக்கில வராது," என்றார்.

"விடு விசர்க்கதையை," என்றார் அப்பா. "விசா ஆர் தாறது? சுவிஸ்காரன். சுவிஸ் அலுவலுக்குச் சுவிஸ் நரிதான் சரி."

மாமா அதுவரை கார் ஓட்டும் சோதனையில் இரண்டு முறை கோட்டைவிட்டவர். மூன்றாம் முறைக்கு முன் காலையில் சத்தமில்லாமல் வந்து எங்கள் யன்னலில் நின்றார். நரியைப் பார்த்தார், பாஸாகிவிட்டார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா?

சட்டதிட்டங்களும் உருவாகிவிட்டன. கண் முழித்ததும் பார்க்கிற முதல் முகம் நரி முகமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் படுக்கையிலிருந்து எங்கள் குசினிவரை கண்ணைத் திறக்கக்கூடாது. அதற்கு அம்மாவின் கறுப்பு வெள்ளைக் கம்பளிச் சால்வை. பக்கத்து வீட்டு இத்தாலி அன்ரி எங்கள் முதல் குளிர்காலத்துக்குத் தந்தது, எப்போதும் தைலம் மணக்கும். அதைக் கண்ணில் கட்டிக்கொண்டு ஆட்கள் தங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். நான் போய்க் கையைப் பிடித்துப் படியிறக்கி, யன்னலில் நிறுத்தி, சால்வையை அவிழ்த்து, "கண்ணைத் திறவுங்கோ" என்பேன். வேலை நேர்முகத்துக்குப் போகிறவர், தொழிற்பயிற்சிக்கு எழுதிப்போட்டவர், பெண் பார்க்கச் சூரிச்சுக்குப் போகிறவர் என்று எத்தனை பேரை இறக்கினேன்! உங்களில் ஒருவருடைய அப்பா கண்ணைக் கட்டியபடி படியில் அப்வார்ட் மனுசிக்கு முன்னால் போய் முட்டினார். அவர் "குட்டன் மோர்கன்" என்று சுவரைப் பார்த்துக் காலை வணக்கம் சொன்னார். என்ன இது என்று மனுசி என்னைக் கேட்டபோது, கண்வருத்தம் என்றேன். "இந்த மாதத்தில் இது ஐந்தாவது கண்வருத்தம்" என்றுவிட்டு அவர் தன் பாட்டில் படியைத் துடைத்தார்.

ஆனால் நரி என்ன பஸ்சா, நேரத்துக்கு வர? சில நாள் வரவில்லை. ஆட்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு குசினிக் கதிரையில் ஒரு மணித்தியாலம் காத்திருந்து தூங்கி விழுந்தார்கள். அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. உணவகத்தில் எறிகிற கோழிக் கழுத்து, தோல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பேசினில் போட்டு வேலியடியில் வைத்தார். இரண்டு கிழமையில் நரி எங்கள் மணிக்கூட்டுக்குப் பழகிவிட்டது. அதிர்ஷ்டத்துக்கு நேரசூசி போட்டவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

அந்த வசந்தத்தில் வேறு என்னென்ன நடந்தது என்பதைப் பெரியவர்கள் பார்க்கவில்லை. யன்னலடியில் நின்ற நான் பார்த்தேன். ஒரு நரி இரண்டானது. கறுப்பு வெள்ளைக் காகங்கள் பேசினுக்காக வந்து, வந்த இடத்தில் பற்றைக்குள் இருந்த கூடுகளையும் கண்டுபிடித்தன. மஞ்சள் சொண்டுக் கருங்குருவி பாடுவதை நிறுத்தியது. இத்தாலி அன்ரி தன் பூனைக்கு வைக்கும் தட்டில் பின்னேரங்களில் மிச்சம் தின்ன வருகிற முள்ளெலி வராமல் போனது. அந்தப் பூனை காது நுனி கிழிந்து பல்கனிக் கம்பியில் ஏறி உட்கார்ந்தது, கீழே இறங்கவே இல்லை. கேட்டால் சொல்லியிருப்பேன், ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து ஒரு காலை, முயல் கூடுகளின் கதவுகள் பிய்ந்து கிடந்தன. நாலு முயல்களையும் காணவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் களவாக மஞ்சள் பூச்செடியின் இலைகளைக் கம்பிக்குள்ளால் நீட்டுவேன். நாலில் ஒரு சாம்பல் நிற முயல் என் விரலையும் சேர்த்து நக்கும். அப்வார்ட் மனுசி புல்லில் குந்தியிருந்து, சிதறிக் கிடந்த மயிரை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை, பொறுக்கிக்கொண்டே இருந்தார். அவரைப் பார்த்து எனக்குப் பயம் வராத முதல் நாள் அதுதான்.

யாரோ சாப்பாடு போட்டு நரியைப் பழக்குகிறார்கள் என்று மறுநாள் மனுசி படிக்கட்டில் தாள் ஒட்டினார். வெளியில் தெரிந்த ஒரே தட்டு இத்தாலி அன்ரியின் பூனைத் தட்டு. வீட்டு நிர்வாகத்திலிருந்து அவருக்குத்தான் கடிதம் போனது. முப்பது வருடம் இங்கே தையல் வேலை செய்தவருக்கு டொச் பேச வரும், வாசிக்க வராது. கடிதத்தோடு எங்கள் குசினிக்கு வந்து, வாசித்துச் சொல் என்று என்னிடம் நீட்டினார். அம்மா மஞ்சள் பேசினைக் காலால் தொட்டிக்கு அடியில் தள்ளினார்.

இனியொரு முறை நடந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. நான் வாசித்தேன்: "பூனைத் தட்டை உள்ளே வையுங்கள் என்று அன்பாகக் கேட்கிறார்கள்." அன்ரி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான பொய் அது.

அன்று பின்னேரம் எங்கள் விறாந்தையில் கூட்டம். அப்பா, மூன்றாம் மாடி மாமா, அம்மா. சித்தியும் ஒரு மூலையில் அகராதியோடு இருந்தாள்.

"ஆரும் கேட்டா ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ," என்றார் மாமா. "நாங்கள் விசாவில இருக்கிற ஆக்கள். எங்களுக்கேன் வில்லங்கம்?"

"அந்த மனுசிக்குப் போன கடிதம் எங்களுக்கு வரவேண்டியதெல்லோ, அத்தான்?" என்று சித்தி கேட்டாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்காகத்தான் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறம். உன்ரை விசாரணைக்கு இன்னும் ஒம்பது நாள் கிடக்கு. இந்த நேரத்தில எங்கடை பேர் ஒரு கடிதத்தில போச்செண்டால் என்ன நடக்கும்? முதல்ல நீ நரியைப் பாத்திட்டு பேர்ணுக்குப் போய் வா. பிறகு பாப்பம்."

அதிலிருந்து ஏழாம் நாள் வேட்டைக்காரர் வந்து வேலியடியில் கம்பிப் பொறி வைத்தார். உள்ளே கோழித் துண்டு, நரி நுழைந்தால் கதவு மேலிருந்து விழும். காலை ஏழு மணிக்கு வந்து பார்ப்பேன், அகப்பட்டிருந்தால் சுடுவேன் என்று அப்வார்ட் மனுசியிடம் சொன்னதை நான்தான் கேட்டு வந்து வீட்டில் சொன்னேன். அம்மாவின் முகம் செத்துவிட்டது. அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"அம்பிட்டா இன்னும் நல்லதெல்லே," என்றார். "ஓடாது. நிண்டு ஆறுதலாப் பாக்கலாம்."

விசாரணைக்கு முதல் நாள் படுக்கப் போகும்போது அம்மா என்னிடம் சொன்னார்: "நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படு. சித்தி கண் முழிக்கேக்கை உன்ரை முகம் படக்கூடாது."

"ஏன், என்ரை முகத்துக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. நரிக்குப் பிறகு உன்னைப் பாக்கட்டும்."

எனக்கு அழுகை வந்தது. ஒரு நரிக்குப் பிறகுதான் என் முகமா? சுவரைப் பார்த்துக்கொண்டே நித்திரையாகிவிட்டேன். விடிகிற நேரம் யாரோ தோளைப் பிடித்து என்னைத் திருப்பினார்கள். சித்தி. கண்ணை அகல விரித்து, மூக்கு மூக்கில் முட்ட, என் முகத்தை வடிவாகப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்துச் சிரித்தாள். பிறகு தானே சால்வையை எடுத்துக் கண்ணில் கட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் போல "அக்கா, எழும்பிட்டன்" என்று கூப்பிட்டாள்.

குசினியில் அப்பா துள்ளிக்கொண்டிருந்தார். "அம்பிட்டிட்டுது! பொறிக்குள்ள நிக்குது! கெதியாக் கூட்டிக்கொண்டு வா!"

சித்தி பழைய உடுப்புக் கடையில் வாங்கிய சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். நான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் யன்னலில் நிறுத்தி, சால்வையை அவிழ்த்து, "கண்ணைத் திறவுங்கோ" என்றேன்.

நரி கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் இரத்தம். பின்பக்கத்தைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு எங்கள் யன்னலையே பார்த்தது. வயிற்றில் மயிர் உதிர்ந்து பால்காம்புகள் தெரிந்தன.

"இது குட்டி போட்ட தாய்," என்றாள் சித்தி.

"தாயோ தேப்பனோ, நீ முகத்தைப் பார். வடிவாப் பார்," என்றார் அப்பா.

சித்தி பார்த்தாள். பிறகு திரும்பி, "இதை உப்பிடியே விட்டிட்டுப் போய், நான் அங்கை எந்த வாயால என்னை இருக்க விடுங்கோ எண்டு கேக்கிறது, அத்தான்?" என்றாள்.

சொன்ன கையோடு அவள் வாசல் கதவைத் திறந்துவிட்டாள். நான் வெறுங்காலோடு பின்னால் ஓடினேன். புல் முழுக்கப் பனி. பொறியின் கதவை இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, "போ" என்றாள். நரி அசையவில்லை. "போ எண்டு சொல்லுறன்!" நரி வெளியே வந்தது. வெறும் முயல் கூடுகளைத் தாண்டி, பற்றைக்குள் புகுந்து போய்விட்டது.

அப்வார்ட் மனுசி தலைமயிரில் சுருள் ஊசிகளோடு இறங்கி வந்தார். "அது என் நாலு முயல்களைத் தின்றது" என்றார். நான் சித்திக்கு அதை அப்படியே சொன்னேன்.

சித்தி என்னைப் பார்த்தாள். "நான் சொல்லுறதைச் சொல்லு. ஒரு சொல்லும் மாத்தாதை. நாங்கள்தான் சாப்பாடு போட்டனாங்கள். கோழிக் கழுத்து, ரெண்டு மாதமா. இத்தாலி அன்ரி ஒண்டும் போடேல்லை. உங்கடை முயல் செத்தது எங்களால. அந்தக் கடிதம் எங்களுக்கு வரவேணும்."

யன்னலிலிருந்து அப்பா தமிழில் கத்தினார்: "சொல்லாதை பிள்ளை! சித்தி காத்து வாங்க வந்தவ எண்டு சொல்லு!"

எனக்குப் பத்து வயது. எதிரே இருந்த பல்கனியில் காது கிழிந்த பூனை இருந்தது. நான் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. கோழிக் கழுத்து, இரண்டு மாதம், எல்லாம் சொன்னேன். சித்தி சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்: "அன்ரிக்குக் கடிதத்தைப் பிழையாக வாசித்தது நான்."

 "கடிதம் வரும்" என்றார் மனுசி. சித்தியின் சிவப்புக் கோட்டையும் கையில் இருந்த துருவையும் பார்த்தார். "உங்கள் பஸ் ஆறு இருபதுக்கு. கையைக் கழுவிவிட்டுப் போங்கள்."

கடிதம் வந்தது. அப்பாவும் மூன்றாம் மாடி மாமாவும் மூன்று சனிக்கிழமை முயல் கூடுகளுக்குப் புதுக் கம்பி அடித்தார்கள், மனுசி பக்கத்தில் நின்று பிழை பிடித்தார். வீட்டைவிட்டு எங்களை ஒருவரும் எழுப்பவில்லை. அன்ரிக்கு அப்பா நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆனால் இலை கொட்டுகிற காலத்தில் பேர்ணிலிருந்து சித்திக்கும் கடிதம் வந்தது. நிராகரிப்பு. புளொக் முழுக்க ஒரே கதை: வந்த அதிர்ஷ்டத்தைக் கதவு திறந்து விட்டுவிட்டாள். உங்கள் அம்மாமார்தான் சொன்னார்கள், மறுக்காதீர்கள். எனக்கோ வேறு பயம். அவள் அன்றைக்கு முதலில் பார்த்தது என் முகத்தை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்காக நம்பினேன். கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெரியவர்கள் ஒரு பிள்ளையிடம் முகத்தைத் திருப்பிப் படு என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இப்போதும் கோபம் வருகிறது.

அப்பா கடிதத்தைக் காட்டி, "பாத்தியோ?" என்றார்.

"நரிக்குக் கிடைச்சிட்டுது, அத்தான்," என்றாள் சித்தி. "எனக்கு அடுத்த முறை."

மேன்முறையீடு இரண்டு வருடம் இழுத்தது. கிடைத்தது. மூன்றாம் மாடி மாமா லட்டுத் தின்றபடி, "இண்டைக்கு எதின்ரை முகத்தில முழிச்சனி பிள்ளை?" என்று கேட்டார். சித்தி என் கழுத்தைக் கட்டி இழுத்து, "எண்டைக்கும் முழிக்கிற முகத்திலதான்" என்றாள். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆகவே, என் அருமைப் புளொக் பிள்ளைகளே, நரி அப்போதும் இருந்தது. நாங்கள்தான் கூப்பிட்டோம், சாப்பாடு போட்டோம், முயல்களைக் காவு கொடுத்தோம். கினிப்பன்றிக் கூட்டுக்கு நல்ல கம்பி அடியுங்கள், அடிப்பக்கத்துக்கும் அடியுங்கள், நரி தோண்டும். பாபிக்யூ எலும்பைப் புல்லில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். அதைச் செய்யாமல் பொறி வைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

சித்திக்கு இப்போது ஐம்பதுக்கு மேல். சோலோதுர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு மாடிக்கே பொறுப்பாக இருக்கிறாள். நேற்று போனில் இந்த வீடியோவைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் எழுதியதையெல்லாம் வாசித்தும் காட்டினேன், ஒரு சொல்லும் மாற்றாமல்.

"பொறி வச்சிட்டினமோ?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியாது, சித்தி."

"எந்த இடம்? எனக்குச் சனிக்கிழமை லீவு."

விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.